கழிப்பறைப் பளிங்கை விற்று ஒரு கட்டடத்தை நிறுத்தியவர்

2013-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக் கலைச்சந்தையில் 100 பளிங்குக் கற்கள் விற்பனைக்கு வந்தன. ஒரு கல்லின் விலை 5,000 டாலர். அமெரிக்க டாலர் நோட்டில் ‘கடவுளை நம்புகிறோம்’ என்று அச்சடித்திருப்பார்கள் அல்லவா, அதைக் கொஞ்சம் மாற்றி ‘கலையை நம்புகிறோம்’ என்று ஒவ்வொரு கல்லிலும் பொறித்திருந்தது. பார்க்கக் கடன் பத்திரம் மாதிரி. கல் வந்த இடம்தான் வேடிக்கை. சிகாகோ நகரின் தென்பகுதியில் இடிக்கக் காத்திருந்த ஒரு பழைய வங்கியின் கழிப்பறையில், ஆண்கள் சிறுநீர் கழிக்கும் இடங்களுக்கு நடுவே தடுப்பாக நின்றிருந்த பளிங்கு அது. விற்றவர் தியாஸ்டர் கேட்ஸ் என்ற கலைஞர். வந்த பணம் அதே வங்கிக் கட்டடத்தைச் செப்பனிடப் போயிற்று.

காரைக்குடிக்காரர்களுக்கு இந்தக் கதையில் முதல் பாதி பழகியதுதான். முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு முறை நடந்தால் போதும். இந்தப் பக்கம் பர்மாத் தேக்குத் தூண்கள், அந்தப் பக்கம் மங்குப் பாத்திரங்கள், நடுவில் சாய்த்து வைத்த நிலைக்கதவு. பிரித்தெடுத்த ஆசாரி மறுபடி பூட்டுவதற்காகச் சாக்பீஸால் போட்ட எண் தூணில் அப்படியே இருக்கும். நிலையின் மேல்கட்டையில் செதுக்கிய கஜலட்சுமியின் மடியில் மஞ்சள் காய்ந்து கிடக்கும், மாவிலை கட்ட அடித்த ஆணிகளின் ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். வாங்கிப்போகும் ஓட்டல்காரர் முதல் வேலையாக அந்த மஞ்சளைச் சுரண்டி, ஓட்டையை அடைத்து, பாலிஷ் போடுவார். தெருவில் யாருக்கும் இதில் ஆச்சரியம் இல்லை. ஒரு வளவு, அதாவது நடுமுற்றம் வைத்த செட்டிநாட்டு வீடு, போனால் பத்துக் கடைக்குச் சரக்கு.

ஆக, பழைய கட்டடத்தைத் துண்டு துண்டாக விற்பது நமக்குத் தெரிந்த தொழில். துண்டை விற்று மிச்சக் கட்டடத்தை நிறுத்துவதுதான் தெரியாதது. கேட்ஸ் கடந்த இருபது வருடங்களாகச் செய்துவரும் வேலைகளைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். இந்த ஒரு கணக்கை வைத்துப் படித்தால் எல்லாம் ஒரே வேலையாகத் தெரிகிறது.

கேட்ஸ் 1973-இல் சிகாகோவில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. மேலே எட்டும் அக்காக்கள். அம்மா பள்ளி ஆசிரியை. அப்பா கூரை வேலைக்காரர். அந்த ஊரில் தட்டைக் கூரைகளில் தண்ணீர் இறங்காமல் இருக்கத் தார் காய்ச்சி ஊற்றுவார்கள். அந்த வேலை. பின்னாளில் மகன் ஓவியச் சட்டங்களில் தாரைப் பூசி, அவற்றை அருங்காட்சியகங்களில் தொங்கவிட்டார். அப்பாவின் கைவேலையைத்தான் மகன் சுவரில் மாட்டியிருந்தார்.

படிப்பு அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில். நகரத் திட்டமிடல் ஒரு பக்கம், மட்பாண்டக் கலை ஒரு பக்கம். பிறகு தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் கலையும் சமயமும் சேர்ந்த மேற்படிப்பு. ஜப்பானின் பழைய குயவர் ஊர்களில் ஒன்றான தோகோனாமேயில் கொஞ்ச காலம் சக்கரத்தின் முன் உட்கார்ந்தார். இந்தக் கலவையைப் பார்த்துவிட்டுத்தான் அவரைப் பல துறைக் கலைஞர் என்கிறார்கள். இப்போதெல்லாம் விசிட்டிங் கார்டில் இந்தப் பட்டத்தைப் போடாத ஓவியர் இல்லை என்பதால் எனக்கு அதில் பெரிய மரியாதை கிடையாது. கேட்ஸ் விஷயத்தில் மட்டும் அது வெறும் விவரம். பானை வனைகிறார், பாடுகிறார், ‘மிசிசிப்பியின் கறுப்புத் துறவிகள்’ என்று ஓர் இசைக்குழு வைத்திருக்கிறார், கட்டடம் வாங்குகிறார், பழைய புத்தகம் சேர்க்கிறார்.

அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரே வரியில் தாண்டிப்போகும் சங்கதி ஒன்று உண்டு. 2000 வாக்கில் தொடங்கிச் சில வருடங்கள் சிகாகோ போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்தார். ரயில் நிலையங்களில் வைக்கும் கலைப்படைப்புகளைத் திட்டமிடும் வேலை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பொது இடத்தில் ஒரு படைப்பை வைப்பதில் கலை பாதி, மீதி கோப்பு. அனுமதி யார் தர வேண்டும், எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்குவார்கள், பராமரிப்பு யார் பொறுப்பு, காப்பீடு யார் கட்டுவது என்பதையெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த கலைஞர்கள் மிகக் குறைவு. பின்னால் மேயரோடு உட்கார்ந்து பேரம் பேசியபோது கைகொடுத்தது மட்பாண்டப் படிப்பாக இருந்திருக்காது.

சரி, பானைக்கு வருவோம். 2007-இல் சிகாகோவின் ஹைட் பார்க் கலை மையத்தில் அவர் ஒரு விருந்தோடு கூடிய கண்காட்சி நடத்தினார். யமகூச்சி என்ற ஜப்பானியக் குயவர் இரோஷிமாவிலிருந்து மிசிசிப்பி மாநிலத்துக்கு வந்து, கறுப்பினப் பெண் ஒருவரை மணந்து, கறுப்பர் சமையலுக்கேற்ற தட்டுகளை வனைந்து, இனங்களைப் பற்றிப் பேச ஊராரை விருந்துக்கு அழைத்து வந்தார் என்பது கதை. அந்தத் தட்டுகளில் சோறு பரிமாறினார்கள். யமகூச்சியின் மகனாக நடிக்க ஓர் ஆள் கூட இருந்தார். வந்தவர்கள் தட்டுகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். யமகூச்சி என்று யாருமே கிடையாது, தட்டெல்லாம் கேட்ஸ் வனைந்தவை.

ஏமாற்று வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு பொருளுக்கு விலை எங்கிருந்து வருகிறது என்பதை அவர் அங்கே சோதித்துப் பார்த்தார். அதே தட்டை ‘சிகாகோவின் மேற்குப் பக்கத்துப் பையன் செய்தது’ என்று வைத்திருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? நம்ம ஊர் சாமான் கடைகளிலும் இதே வித்தை நடக்கிறது. எந்தத் தேக்கும் ‘ரங்கூனிலிருந்து கப்பலில் வந்ததுங்க’ என்று சொல்லித்தான் விற்கப்படுகிறது. பலது உண்மையும்கூட. ஆனால் அந்தக் கதையில் செதுக்கிய ஆசாரியின் பெயர் இருக்காது, வீட்டின் பெயரும் இருக்காது. தன் வீடு பிரிந்தது வெளியே தெரியக் கூடாது என்று விற்றவர் நினைப்பதால் வீட்டின் பெயரைச் சொல்லவும் மாட்டார்கள்.

2006-இல் கேட்ஸ் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கலை நிகழ்ச்சிகளை ஒருங்கிணைக்கும் பணியில் சேர்ந்தார். அதே சமயத்தில் தென்பகுதியின் டார்செஸ்டர் அவென்யூவில், முன்பு மிட்டாய்க் கடையாக இருந்த ஒரு சிறிய கட்டடத்தை 1,30,000 டாலருக்கு வாங்கிக் குடிபோனார். இரண்டு மூன்று வருடத்தில் வீட்டுக் கடன் நெருக்கடி வந்தது. பக்கத்து வீடு 16,000 டாலருக்குக் கிடைத்தது. விலை அப்படிச் சரிந்ததற்கு 2008 மட்டும் காரணமல்ல. கறுப்பர் வாழும் தெருக்களுக்கு வங்கிகள் பல பத்தாண்டுகளாகக் கடன் தர மறுத்தன, வெள்ளையர் கூட்டம் கூட்டமாகப் புறநகருக்குப் போனார்கள், ஆலைகள் மூடின. வீடு காலியாகும், கொஞ்ச நாளில் செம்புக் குழாய் திருட்டுப் போகும், அப்புறம் தீப்பிடிக்கும், கடைசியில் நகராட்சி வந்து இடிக்கும். தெரு பல் விழுந்த வாய் போல ஆகிவிடும்.

அந்த 16,000 டாலர் வீட்டை அவர் ஆவண வீடாக மாற்றினார். உள்ளே போன சரக்கைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றுத் துறை இனி வேண்டாம் என்று கழித்த 60,000 கண்ணாடி ஸ்லைடுகள். மூடப்பட்ட ஒரு கட்டடக்கலைப் புத்தகக் கடையிலிருந்து 14,000 புத்தகங்கள். பக்கத்திலேயே இன்னொரு வீட்டில், மூடிப்போன ஓர் இசைத்தட்டுக் கடையின் 8,000 தட்டுகள். ஊர் வேண்டாமென்று தள்ளியதையெல்லாம், யாரும் வேண்டாமென்ற தெருவில் கொண்டுவந்து அடுக்கினார். அடுக்கிய பிறகு மாலையில் படம் காட்டினார், சோறு போட்டார், பாட்டு வைத்தார். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். அப்புறம் அருங்காட்சியகத்துக்காரர்களும் வந்தார்கள்.

இந்த இடத்தில் கோட்டையூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. காரைக்குடிக்கு அடுத்த ஊர். அங்கே ரோஜா முத்தையா என்பவர் இருந்தார். சென்னைக்குப் போய் விளம்பரப் பலகை எழுதக் கற்றுக்கொண்டு வந்து, ஊரில் ‘ரோஜா ஆர்ட்ஸ்’ என்று கடை போட்டதால் அந்தப் பெயர். கடைத்தெருவின் பெயர்ப் பலகைகள்தான் அவருடைய கலைக்கூடம். பொது இடக் கலைஞர் என்று யாரும் அவரைச் சொல்லவில்லை, பெயிண்டர் என்றுதான் சொன்னார்கள். 1950 வாக்கிலிருந்து பழைய புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார். புத்தகத்தோடு நிற்கவில்லை. நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, வாரப் பத்திரிகை என்று பழைய பேப்பர்காரர் எடைக்குப் போடும் அத்தனையும் அவருக்கு வேண்டியிருந்தது. 1992-இல் அவர் இறந்தபோது ஏறக்குறைய 1,00,000 பொருள்கள் இருந்தன. வீடு முழுக்கக் காகிதம்.

அதை வாங்கிக் காப்பாற்றியது யார்? அதே சிகாகோ பல்கலைக்கழகம்தான். கப்பலேற்றிக்கொண்டு போய்விடாமல் தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தமிழ் அச்சு வரலாற்றைத் தொட்டு எழுதுகிற எவரும் அங்கே போகாமல் முடியாது. நல்ல முடிவு, குறை சொல்ல இடமில்லை. கோட்டையூரின் வெயிலிலும் கரையானிலும் அந்தக் காகிதம் தாங்கியிருக்காது. இருந்தாலும் ஒன்று கவனிக்க வேண்டும். சேகரிப்பு பிழைத்தது, ஊரை விட்டுப் பிழைத்தது. கோட்டையூர்த் தெருவில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எட்டிப் பார்க்கும்படியாக அது இல்லை. கேட்ஸ் எதிர்த்திசையில் போனார். பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்லைடுகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். காப்பாற்றுவதில் பல்கலைக்கழகம் கெட்டி. தெருவை உயிர்ப்பிப்பது அதன் வேலை இல்லை.

இனி பணத்துக்கு வருவோம், ஏனென்றால் இதுதான் கேட்ஸின் வேலையை ஓட்டும் பொறி. ஒரு வீட்டைப் பிரித்துச் செப்பனிடும்போது பலகை, தகரம், உத்தரம், கண்ணாடி எல்லாம் மிஞ்சும். மிஞ்சியதை வைத்துச் சிற்பம் செய்கிறார். ஆரம்ப நாட்களில் அப்படிச் செய்தவை ஷூ பாலிஷ் போடும் உயர நாற்காலிகள். அவற்றில் கலை வாங்குகிற பணக்காரர்களையே உட்காரவைத்து, கீழே யார் உட்கார்வது மேலே யார் உட்கார்வது என்பதைக் கேள்வியாக்கினார். பிறகு தீயணைப்புத் துறை கழித்துவிட்ட துணிக் குழாய்களை மடித்து மடித்துச் சட்டத்துக்குள் அடைத்தார். நிறம் மங்கிய பட்டைகள், தூரத்திலிருந்து பார்த்தால் அழகான நவீன ஓவியம். 1963-இல் அலபாமாவின் பர்மிங்காமில் உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பர்கள்மீது, பள்ளிப் பிள்ளைகள் உட்பட, தீயணைப்பு வீரர்கள் பீய்ச்சியது இதே மாதிரிக் குழாய்த் தண்ணீர் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் பட்டைகளின் அழகு வேறு மாதிரி ஆகிவிடும். இவை பெரிய கூடங்களில் பெரிய விலைக்குப் போகின்றன. அந்தப் பணம் டார்செஸ்டரின் அடுத்த கூரைக்குப் போகிறது. வேலைக்கு அக்கம்பக்கத்துப் பையன்களை எடுத்துத் தச்சும் பூச்சும் கற்றுக்கொடுக்கிறார்கள். அடுத்த வீட்டிலிருந்து மறுபடி பலகை மிஞ்சும். 2010-இல் இதற்கென்றே ரீபில்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். தனிமனிதன் பெயரில் வரும் பணம் வேறு, அறக்கட்டளைக்கு வரும் நன்கொடை வேறு, இரண்டும் தேவை என்பது அலுவலகத்தில் உட்கார்ந்தவருக்குத் தெரியும்.

2012-இல் ஜெர்மனியின் கசெல் நகரில் நடந்த தோக்குமெந்தா கண்காட்சிக்கு அவர் கொண்டுபோனது ஒரு வீட்டின் உள்ளுறுப்புகள். டார்செஸ்டரில் பிரித்த ஒரு வீட்டின் மரத்தையும் பலகையையும் கசெலுக்கு அனுப்பி, அங்கே பாழடைந்து கிடந்த ஊகனோ வீடு என்ற 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தை அவற்றாலேயே பழுதுபார்த்தார். சிகாகோவிலிருந்து கூட வந்த வேலைக்காரர்களும் பாட்டுக்காரர்களும் கண்காட்சி முடியும்வரை அதிலேயே குடியிருந்தார்கள். நம்மிடம் இதற்கு இணையாக ஒன்று உண்டென்றால் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா. செட்டிநாட்டு வீடொன்றைப் பிரித்துக் கொண்டுபோய் அங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். கச்சிதமான வேலை. முகப்பில் நின்று அண்ணாந்தால் நம்ம ஊர்தான். ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் சாந்தியோ (அறுபது, எண்பது வயதுச் சடங்கு) படைப்போ (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு) நடக்காது. சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்கிற வீடு.

இப்போது வங்கி. ஸ்டோனி ஐலண்ட் அவென்யூவில் 1923-இல் கட்டிய சேமிப்பு வங்கி, 1980-களில் மூடியது. கூரை ஒழுகி, அடித்தளத்தில் தண்ணீர் நின்று, இடிக்க வேண்டிய பட்டியலில் இருந்தது. மேயர் ராம் இமானுவேலிடம் பேசி, 2012-இல் நகராட்சியிடமிருந்து அதை 1 டாலருக்கு வாங்கினார் கேட்ஸ். செப்பனிடத் தேவையான சுமார் 37 லட்சம் டாலரைத் தானே திரட்ட வேண்டும் என்பது நிபந்தனை. பளிங்குப் பத்திரம் பிறந்தது அப்படித்தான். 5,000 டாலர் வீதம் 100 கல் என்றால் 5 லட்சம் டாலர். முழுத் தேவைக்குப் போதாது, ஆனால் அந்தக் கதையைக் கேட்டவர்களின் பணம் பின்னால் வரும். யமகூச்சியின் தட்டு கற்றுக்கொடுத்த பாடம் வீண்போகவில்லை.

2015 அக்டோபரில் அது ஸ்டோனி ஐலண்ட் ஆர்ட்ஸ் பேங்க் என்ற பெயரில் திறந்தது. எபனி, ஜெட் ஆகிய கறுப்பினப் பத்திரிகைகளை நடத்திய ஜான்சன் பதிப்பகத்தின் நூலகம் உள்ளே இருக்கிறது. ‘ஹவுஸ்’ என்ற நடன இசையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபிரான்க்கி நக்கிள்ஸின் இசைத்தட்டுகள் இருக்கின்றன. கறுப்பர்களை இழிவாகச் சித்திரித்த பழைய பொம்மைகள், டப்பாக்கள், சுவரொட்டிகள் சுமார் 4,000 இருக்கின்றன. வேறு யார் கையிலும் போகக்கூடாது என்று ஒருவர் வாழ்நாள் முழுக்க வாங்கி வைத்தவை அவை. கூடத்தின் மேற்கூரையில் பூச்சு உதிர்ந்த இடங்களை முழுக்கச் சரிசெய்யாமல் கொஞ்சம் அப்படியே விட்டிருக்கிறார்கள். எது பழசு, எது புதுசு என்று கண்ணுக்குத் தெரிகிறது.

ஆர்ட்ஸ் பேங்கின் புல்வெளியில் நின்ற ஒரு மரப்பந்தல்தான் இந்த மொத்த வாழ்க்கைப் பணியிலேயே கனமான பொருள் என்பேன். 2014 நவம்பரில் கிளீவ்லாந்து நகரப் பூங்காவொன்றில் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்த டாமிர் ரைஸ் என்ற 12 வயதுச் சிறுவனைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். அந்தப் பந்தலின் அருகில்தான் அது நடந்தது. நகரம் பந்தலை இடித்துவிட நினைத்தது. பிள்ளையின் தாய் சம்மதத்தோடு 2016-இல் அதைப் பிரித்துச் சிகாகோவுக்குக் கொண்டுவந்து, பிற்பாடு ஆர்ட்ஸ் பேங்க் வளாகத்தில் எழுப்பினார்கள். விற்க முடியாத ஒரு துண்டு. கேட்ஸின் கணக்கில் வரவு எதுவும் இல்லாத இடம் இது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடலாம். 2015 ஜனவரியில் பிரிட்டனின் ஆர்டெஸ் முண்டி கலைப் பரிசு, 40,000 பவுண்டு, கிடைத்தபோது கூடப் போட்டியிட்டவர்களோடு பகிர்ந்துகொள்வதாக அறிவித்தார். அதே ஆண்டு பிரிஸ்டலில், போரில் குண்டு விழுந்து கூரையிழந்த ஒரு தேவாலயத்துக்குள் மரத்தாலும் செங்கல்லாலும் சின்னக் கூடம் கட்டி, இரவு பகல் நிற்காமல் 552 மணி நேரம் உள்ளூர்க்காரர்களைப் பாடவும் வாசிக்கவும் பேசவும் வைத்தார். தான் ஒரு காலத்தில் கோப்பு பார்த்த அதே போக்குவரத்துக் கழகத்தின் 95-ஆம் தெரு ரயில் முனையத்துக்கு, தீயணைப்புக் குழாயால் நெய்த பெரிய தொங்கல்களையும் ஒரு வானொலி அறையையும் செய்துகொடுத்தார். 2022-இல் லண்டன் செர்பன்டைன் கலைக்கூடத்தின் வளாகத்தில் கறுப்பு மரத்தால் வட்டமாக ஒரு மண்டபம். வாசலில் தொங்கிய வெண்கல மணி, சிகாகோவில் இடித்துத் தள்ளிய செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்தினுடையது. 2024-இல் தோக்கியோவின் மோரி அருங்காட்சியகத்தில் பெரிய கண்காட்சி. எங்கே போனாலும் சிகாகோவின் ஒரு துண்டு கூடப் போகிறது.

குறை சொல்பவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஓர் ஆள் பெயர் பெற்றால் தெருவுக்குப் பெயர் வரும், தெருவுக்குப் பெயர் வந்தால் வாடகை ஏறும், வாடகை ஏறினால் யாருக்காகச் செய்தோமோ அவர்கள் வெளியேற வேண்டிவரும் என்பது முதல் குறை. அவர் அதை ஓரளவு முன்கூட்டியே யோசித்திருக்கிறார். மூடிக்கிடந்த அரசுக் குடியிருப்பைக் கூட்டு முயற்சியில் 32 வீடுகளாகப் புதுப்பித்து, குறைந்த வருமானக்காரர், நடுத்தரக்காரர், கலைஞர் என்று கலந்து குடியேற்றினார்கள். 32 வீடு ஒரு வட்டாரத்துக்கு என்ன ஆகும் என்று கேட்டால் பதில் கிடையாது. அதிகாரத்தோடு ரொம்ப ஒட்டி நிற்கிறார் என்பது இரண்டாவது குறை. பல்கலைக்கழகம், மேயர், சேகரிப்பாளர் என்று எல்லா மேசையிலும் உட்கார்ந்தவர் யாரை எதிர்த்துப் பேச முடியும்? மூன்றாவதாக நான் சேர்ப்பது, எல்லாம் ஒரே ஆளின் பெயரில் நிற்கிறது. தச்சு வேலை செய்த பையனின் பெயர் தார் ஓவியத்தின் பக்கத்தில் இருப்பதில்லை.

அந்த மூன்றாவது குறை நமக்கும் சொந்தம். செட்டிநாட்டு முகப்புகளில் வரிசையாகச் சுதைச் சிற்பம் நிற்கிறது. திருமகள், யானை, துப்பாக்கி ஏந்திய சிப்பாய், தொப்பிக்காரத் துரை. தெருவே பார்க்கும்படி வைத்த கலை. செய்த கொத்தனார் யார் என்று எந்த வீட்டுக் கல்வெட்டிலும் கிடையாது. இந்த மண்ணில் பிறந்த நவீனக் கலைஞர்களோ வெளியே போய்த்தான் பெயர் வாங்கினார்கள். அச்சோவியத்தில் பேர்பெற்ற ஆர்.எம். பழனியப்பன் 1957-இல் தேவகோட்டையில் பிறந்தவர், வாழ்க்கை சென்னையில். தமிழ்நாட்டில் இன்று பொது இடக் கலை என்றாலே சென்னைக் கண்ணகி நகரிலும் ரயில் நிலையங்களிலும் தெரிகிற பெரிய சுவரோவியங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவைதான். ஆனால் சுவர் இருந்தால்தானே சித்திரம்.

கேட்ஸின் வழியை இங்கே அப்படியே நடவு செய்ய முடியாது. அங்கே வீடு காலியானது வறுமையால், இங்கே காலியானது வியாபாரத்தால். 1930-களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் கீழ்ப்பர்மாவின் வயல்கள், இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் (செட்டியார்) கைக்கு வந்தன. 1942-இல் ஜப்பானியர் நுழைந்தார்கள், சுதந்திர பர்மா 1948-இல் நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் போட்டது. கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன ஊர் போயிற்று. பிள்ளைகள் சென்னைக்கும் மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். வீடு கல்யாணத்துக்கும் படைப்புக்கும் திறப்பதற்கென்று நின்றுவிட்டது. அங்கே ஒரு கட்டடத்துக்கு ஒரு சொந்தக்காரர், பெரும்பாலும் வங்கி அல்லது நகராட்சி. இங்கே வளவின் முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை ஒதுக்கிக் கட்டினார்கள். மூன்று தலைமுறை போனால் ஒவ்வோர் அறைக்கும் எத்தனை பங்கு என்று கணக்குப் போடவே ஒரு கணக்கப்பிள்ளை வேண்டும். ஓட்டை மாற்றுவதற்குப் பணம் போட ஒருவர் தயார் என்றாலும் மற்றவர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காதபோது, பிரித்துச் சரக்காக விற்றுப் பணமாகப் பங்கு போடுவது ஒன்றுதான் எல்லோருக்கும் சமமாகத் தெரிகிறது. முனீஸ்வரன் கோயில் தெருவின் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அது பங்காளிச் சண்டையின் தீர்வை வாங்கி விற்கிறது.

சில வீடுகள் ஓட்டலாகப் பிழைத்தன. கானாடுகாத்தானிலும் கோத்தமங்கலத்திலும் காரைக்குடியிலும் பார்க்கலாம். 2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதி யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது. ஆனால் ஓட்டலில் உள்ளூர்ப் பிள்ளைக்கு என்ன வேலை? பரிமாறுகிற வேலை. ஒரு வளவில் நூலகமோ வீட்டின் பின்பகுதியான ஒரு மூன்றாம் கட்டில் தச்சுப் பட்டறையோ இருந்தால் அந்தப் பிள்ளைக்கு வேறு காரணத்துக்காக உள்ளே வர முடியும். இது இந்த ஊருக்கு அந்நியமான எண்ணமும் இல்லை. 1948-இல் மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்ததே அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான். ஊருணி வெட்டியவர்களும் நகர விடுதி கட்டியவர்களும் இந்த வீடுகளிலிருந்தே புறப்பட்டவர்கள்.

எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது என்றால் அந்தப் பளிங்குப் பத்திரம்தான். துண்டை வீட்டின் பெயரோடு விற்பது. சட்டமும் பாதி வழி கூட வருகிறது. 1972-ஆம் வருடத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 100 வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்திலிருந்து பிரித்த பொருளையும் தொல்பொருள் என்றே வரையறுக்கிறது. வெளிநாட்டுக்குத் தனியார் கொண்டுபோக முடியாது. 1920-க்கு முன் கட்டிய வீடுகள் எல்லாம் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. இடிந்துபோன மூன்றாம் கட்டின் தூண்களை, இது இன்ன ஊர் இன்ன வீட்டின் தூண், விலை முகப்பையும் வளவையும் நிறுத்தச் செலவாகும் என்று எழுதிக் கொடுத்து விற்றால், இப்போது கிடைப்பதைவிட அதிகம் கிடைக்கும் என்றே நினைக்கிறேன். வாங்கும் ஓட்டல்காரருக்கும் சுவரில் மாட்ட ஒரு கதை கிடைக்கும். அதற்கு முதலில் ஓர் அறக்கட்டளை வேண்டும், அதில் எல்லாப் பங்கும் சேர வேண்டும். பங்காளிகள் மொத்தமாக ஒரே கூரையின் கீழ் உட்காருவது படைப்பு அன்றைக்கு மட்டும்தான். பேசுவதென்றால் அன்றே, சாப்பாட்டுக்கு முன்னால் பேசிவிட வேண்டும். இலை எடுத்ததும் பாதிப் பேர் ராத்திரி ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள்.